வாயில்லா ஜீவன்களும் தசைத் தளர்த்தி மருந்துகளும்



சில மாதங்களுக்கு முன்பு, எமது மதரஸாவின் ஹிஃப்ழு பிரிவில் ஓதும் பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர், காலைப் பாடத்தின்போது ஓதாமல் வெறுமனே அமர்ந்திருந்தார். காரணம் கேட்டோம். வீட்டில் வளர்த்த பூனை மொட்டைமாடியிலிருந்து கீழே விழுந்துவிட்டது. வெளியே காயம் எதுவும் இல்லை. ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கிறது. கால்நடை மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்ததில், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கின்ற உதரவிதானம் கிழிந்து, குடலும் ஈரலும் நெஞ்சுக்குள் ஏறியிருப்பது தெரிந்தது. அன்று பகலில் அறுவை சிகிச்சை.

ஒப்புதல் படிவத்தில் தந்தை கையெழுத்திட்டபோது மாணவரும் உடன் இருந்திருக்கிறார். மயக்க மருந்துடன், தசைகளை முற்றிலும் தளரச் செய்யும் வேறொரு மருந்தும் கொடுக்கப்படும் என்றும், அதன் பிறகு பூனையால் தானாக மூச்சுவிடவும் இயலாது, கருவியே அதற்கு மூச்சுக் கொடுக்கும் என்றும் மருத்துவர் விளக்கியிருக்கிறார். அதைக் கேட்டது முதல் அந்தப் பிள்ளையின் மனத்தில் ஒரே கேள்வி. எம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், அசையவே முடியாதுன்னா, வலிச்சா அது எப்படிச் சொல்லும்?"

எம்மிடம் பதில் இல்லை. பாடம் முடிந்ததும் அவருடைய தந்தையுடன் நாமும் மருத்துவமனைக்குச் சென்றோம். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அதன் பின்னர் இது குறித்துக் கிடைத்தவற்றைப் படித்தும், மேலும் சிலரிடம் கேட்டும் அறிந்துகொண்டோம். பூனையோ, ஆடோ, காவலுக்கு நாயோ வளர்க்கின்ற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இதில் இருக்கிறது என்பதாலேயே இதை எழுதுகிறோம்.

முதலில், நம்மில் பலரும் ஒன்றாகக் கருதும் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மயக்க மருந்து மூளையில் வேலை செய்கிறது. உணர்வை அகற்றுகிறது; அறுப்பதும் தைப்பதும் அந்த உயிருக்குத் தெரியாமல் ஆக்குகிறது. தசைத் தளர்த்தி மருந்து மூளையைத் தொடுவதே இல்லை. நரம்பு தசையைச் சென்று சேரும் இடத்தில், "அசை" என்னும் கட்டளையை ஒரு வேதிப்பொருள் தசைக்குக் கொண்டு செல்கிறது. இம்மருந்து அந்த வாயிலில் அமர்ந்து வழியை மறித்துக்கொள்கிறது. கட்டளை மூளையிலிருந்து புறப்படுகிறது. தசைக்குப் போய்ச் சேருவதில்லை. கால்கள் துவள்கின்றன, தாடை தளர்கிறது, இமை அசைவதில்லை, இறுதியில் உதரவிதானமும் நின்று மூச்சு அடங்குகிறது. ஆனால் கேட்பதற்கும், உணர்வதற்கும், வலிப்பதற்கும் உரிய பாதைகள் அனைத்தும் திறந்தே இருக்கின்றன. அட்ராகூரியம், வெகுரோனியம், ரோகுரோனியம் ஆகியன இன்று கால்நடை மருத்துவத்தில் பயன்படும் இத்தகைய மருந்துகள்.

நமது ஊர்களில் பூனைக்கும் நாய்க்கும் வழக்கமாகப் போடப்படும் சைலசின், டயசிபாம் போன்றவற்றையும் தசையைத் தளர்த்தும் மருந்து என்றே சொல்வதுண்டு. கெட்டமைன் தனியாகக் கொடுத்தால் தசைகள் விறைத்துக்கொள்ளும் என்பதால், அதனுடன் இவற்றுள் ஒன்றைச் சேர்ப்பார்கள். ஆனால் இவை மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்து, அமைதியையும் தளர்ச்சியையும் சேர்த்தே தருபவை. நாம் இங்கே பேசுவது இவற்றைப் பற்றியன்று. அமைதியைத் தராமல் அசைவை மட்டும் எடுத்துவிடும் மருந்துகளைப் பற்றியே பேசுகிறோம்.

இந்த வேறுபாட்டை மனிதன் கற்றுக்கொண்ட வரலாறு நீண்டது. அதில் விலங்குகளின் பங்கு பெரியது. தென் அமெரிக்கக் காடுகளில் வாழ்ந்த மக்கள் கொடிகளிலிருந்து வடித்தெடுத்து அம்பு நுனியில் தடவிய நஞ்சே க்யூராரே. அம்பு தைத்த விலங்கு மெல்லத் துவண்டு, மூச்சடங்கி இறக்கும். 1814ஆம் ஆண்டில் சார்லஸ் வாட்டர்டன் என்பவர் லண்டனில் ஒரு பெண் கழுதைக்கு இந்நஞ்சைச் செலுத்தினார். அது விழுந்து, செத்தது போல் கிடந்தது. அதன் மூச்சுக்குழாயில் துளையிட்டு, துருத்தியால் மணிக்கணக்கில் காற்றை ஊதினார்கள். நஞ்சின் வேகம் தணிந்ததும் கழுதை எழுந்து நின்றது! அதன் பின் 1839 வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள் அது உயிர் வாழ்ந்தது. மூச்சை மட்டும் வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் இந்நஞ்சு உயிரைப் பறிக்காது என்பது அன்று தெரிந்தது. இன்று அறுவை அரங்கில் நிற்கும் சுவாசக் கருவியின் வேலையும் அந்தத் துருத்தியின் வேலைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரான்சு நாட்டின் உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட், இந்நஞ்சு தசையை நரம்பிடமிருந்து பிரிக்கிறதே தவிர உணர்வை அழிப்பதில்லை என்பதைத் தமது சோதனைகளால் நிறுவினார். அசைவற்று, இறந்ததைப் போன்று கிடக்கும் உடலுக்குள் வலியை உணரும் ஆற்றல் முழுமையாக இருக்கக்கூடும் என்று அவரே எழுதினார். ஆயினும் அவரும் அவர் காலத்து அறிஞர்களும் விலங்குகளைச் சோதனை மேசையில் அசையாமல் கிடத்துவதற்கு இதையே பயன்படுத்தினார்கள். சோதனை செய்பவருக்கு அமைதியான மேசை கிடைத்தது. மேசையில் கிடந்த உயிருக்குக் கிடைத்தது என்ன என்பதைச் சிந்திக்கவும் உள்ளம் கூசுகிறது.

இதனால் எழுந்த கண்டனங்களின் விளைவாக 1876இல் பிரிட்டன் விலங்கு வதைச் சட்டம் ஒன்றை இயற்றியது. க்யூராரே இச்சட்டத்தின் நோக்கத்திற்கு மயக்க மருந்தாகக் கருதப்படமாட்டாது என்று அந்தச் சட்டத்தில் பெயர் குறிப்பிட்டே எழுதினார்கள். விலங்கை அசையாமல் ஆக்கிவிட்டு, மயக்கிவிட்டோம் என்று சொல்லித் தப்பிக்கும் வழி அன்றே அடைக்கப்பட்டது.

வியப்பு என்னவெனில், மனிதர்களின் விஷயத்திலும் இக்குழப்பம் மீண்டும் தலைதூக்கியது. 1942இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஹெரால்ட் கிரிஃபித் என்ற மருத்துவரும் அவருடைய உதவியாளர் எனிட் ஜான்சனும் மயக்க மருந்துடன் க்யூராரேயைச் சேர்த்து அறுவை சிகிச்சையில் பயன்படுத்தினர். மருத்துவ உலகம் இதைப் பெரிதும் வரவேற்றது. அப்போது, இம்மருந்து உணர்வையும் அகற்றுகிறதோ என்ற ஐயம் சிலரிடம் எழுந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்காட் ஸ்மித் என்ற மருத்துவர், மயக்க மருந்து ஏதுமின்றி இதைத் தம் உடலிலேயே செலுத்தச் செய்தார். 1947இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு ஐயத்திற்கு இடமற்றது. அவரால் ஒரு விரலையும் அசைக்க முடியவில்லை, மூச்சுவிட முடியவில்லை; ஆனால் தொடக்கம் முதல் இறுதி வரை அவருக்கு முழு நினைவு இருந்தது, வலியும் தெரிந்தது. தசைகள் மீண்டதும் அவர் வாய் திறந்து அனைத்தையும் சொன்னார்.

நமது பூனை எழுந்த பிறகும் சொல்லாது. இந்த விஷயத்தின் கனம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

வாயில்லா ஜீவன் என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அவற்றுக்கும் ஒரு மொழி உண்டு. வலித்தால் முனகும், காலை இழுத்துக்கொள்ளும், பல்லைக் காட்டும், ஓடி ஒளியும். அல்லாஹ் அவற்றுக்கு அருளிய முறையீட்டு மொழி அதுதான். தசைத் தளர்த்தி மருந்து அந்த மொழியையும் எடுத்துவிடுகிறது. மயக்கம் போதுமான ஆழத்தில் இருக்கிறதா என்பதை மருத்துவர் வழக்கமாக எப்படி அறிகிறார்? இமையைத் தொட்டால் சிமிட்டுகிறதா, தாடை இறுகியிருக்கிறதா, கால் அசைகிறதா என்று பார்க்கிறார். இம்மருந்து கொடுத்த பின் அந்த அடையாளங்கள் எதுவும் இருக்காது. நாடித் துடிப்பு திடீரென உயர்வது, இரத்த அழுத்தம் ஏறுவது, கண்மணி விரிவது, எச்சில் சுரப்பது, கண்ணில் நீர் கசிவது ஆகிய சிலவற்றை வைத்தே உள்ளே என்ன நிகழ்கிறது என்று ஊகிக்க வேண்டும்.

கண்ணில் நீர் என்று மருத்துவர் சொன்னபோது, நாம் மாணவர்களுக்குப் பலமுறை பாடம் நடத்திய ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. அபூதாவூத் நூலில் பதிவாகியிருக்கும் செய்தி அது. நபி (ஸல்) அவர்கள் அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்திற்குள் நுழைந்தபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு முனகியது. அதன் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அண்ணலார் அருகில் சென்று அதைத் தடவிக் கொடுத்தார்கள், அது அமைதியடைந்தது. உரிமையாளர் யாரென விசாரித்து அழைத்து, அல்லாஹ் உன் பொறுப்பில் தந்த இந்தப் பிராணியின் விஷயத்தில் அவனை அஞ்ச வேண்டாமா என்னும் கருத்தில் கண்டித்தார்கள். பட்டினி போட்டு வேலை வாங்குகிறான் என்று அந்த ஒட்டகம் முறையிட்டதாகவும் தெரிவித்தார்கள். ஒட்டகத்தின் முறையீட்டைச் செவிமடுக்க இறைத்தூதர் இருந்தார்கள். அறுவை மேசையில் துவண்டு கிடக்கும் ஒரு பூனையின் முறையீட்டைச் செவிமடுக்க யார் இருக்கிறார்?

அந்த மருத்துவர் இருக்கிறார். அவரிடம் அதை ஒப்படைத்த நாமும் இருக்கிறோம். ஓர் உயிர் முறையிடும் வழியை, அதன் நன்மைக்காகவே ஆயினும், நாம் அடைக்கிறோம் என்றால், முறையிட வேண்டிய நிலை அதற்கு ஏற்படாமல் காக்கும் கடமையும் அந்த நொடியிலேயே நம் மீது ஏறிவிடுகிறது. அமானிதம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எமக்குத் தெரியவில்லை.

இவ்வளவு ஆபத்தானதென்றால் இம்மருந்து எதற்கு என்று சிலர் கேட்கலாம். இம்மருந்தைக் குற்றம் சொல்வது எமது நோக்கமன்று. பெரும்பாலான அறுவை சிகிச்சைகளுக்கு, குறிப்பாகக் கருத்தடை, புண், கட்டி போன்றவற்றுக்கு, இது தேவைப்படுவதே இல்லை. ஆனால் சில இடங்களில் இதன் பயன் பெரிது. நாய்க்குக் கண்புரை நீக்கும்போது, வழக்கமான மயக்கத்தில் கண் கீழ்நோக்கி உருண்டுவிடும். இம்மருந்து அதை நடுவில் அசையாமல் நிறுத்துகிறது. நெஞ்சைத் திறக்க வேண்டிய சிகிச்சைகளிலும், மேலே சொன்ன பூனைக்கு நேர்ந்தது போல் உதரவிதானம் கிழிந்த நிலையிலும், உடல் தன் போக்கில் மூச்சிழுத்துக் கருவியுடன் மோதாமல் இருக்க உதவுகிறது. அட்ராகூரியம் உடலின் வெப்பத்திலும் இரத்தத்தின் தன்மையிலும் தானாகவே சிதைந்துவிடுவதால், ஈரலோ சிறுநீரகமோ பழுதான பிராணிக்கும் ஏற்றதாக இருக்கிறது. மீதமிருக்கும் தளர்ச்சியை முறிக்க நியோஸ்டிக்மின் போன்ற மாற்று மருந்துகளும் உண்டு. முறையாகக் கையாளப்பட்டால் இது அல்லாஹ்வின் அருட்கொடைகளில் ஒன்றே.

முறை தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. சக்ஸினில்கோலின் என்ற மருந்தை மட்டும் செலுத்திக் குதிரையைத் தரையில் வீழ்த்தி, மயக்கமே கொடுக்காமல் விதையடிக்கும் வழக்கம் சென்ற நூற்றாண்டில் சில நாடுகளில் இருந்தது. குதிரை அசையவில்லை, வேலை எளிதாக முடிந்தது. அது அனைத்தையும் உணர்ந்துகொண்டே கிடந்தது என்பதால், அது கொடுமை என்று கால்நடை மருத்துவ உலகமே அவ்வழக்கத்தைக் கண்டித்தது. மீட்க முடியாத நோயுற்ற பிராணியின் உயிரை முடிப்பதற்கு இத்தகைய மருந்தைத் தனியாகப் பயன்படுத்துவதையும் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை.

நாம் அறுக்கும் பிராணியின் விஷயத்திலேயே, கத்தியைக் கூராக்கிக்கொள்ளவும், அதற்கு வேதனையைக் குறைக்கவும், அதன் கண்ணெதிரே கத்தி தீட்டாதிருக்கவும் கற்பிக்கப்பட்டிருக்கிறோம். உயிரை எடுக்கும் இடத்திலேயே இவ்வளவு பேணுதல் என்றால், உயிரைக் காக்கும் இடத்தில் எவ்வளவு வேண்டும்! குர்பானி நாள்களில் மட்டும் இதைப் பேசிவிட்டு, ஏனைய நாள்களில் மறந்துவிடுகிறோமோ என்ற அச்சம் எமக்கு உண்டு.

அன்று அந்த மருத்துவர் சொன்ன ஒரு சொல் எம்மைச் சுட்டது. "பாய், இங்கே வர்றவங்க ரெண்டே கேள்விதான் கேப்பாங்க. எவ்வளவு ஆகும்? எப்போ கூட்டிட்டுப் போகலாம்? அதுக்கு வலிக்காம பாத்துப்பீங்களான்னு யாரும் கேக்கறதில்ல." எமக்கும் அந்த எண்ணம் தோன்றியதில்லை. கேட்கத் தோன்றியது ஒரு சிறுவனுக்கு.

எனவே, நமது பிராணிக்கு அறுவை சிகிச்சை என்று வந்தால், கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகளைப் பணிவோடு கேட்போமாக. முதலாவது, கொடுக்கப்போவது மயக்க மருந்து மட்டுமா, முழுத் தசைத் தளர்த்தியும் உண்டா? இரண்டாவது, உண்டு என்றால், சுவாசக் கருவி இருக்கிறதா. அறுப்பவர் அறுவையில் கவனமாக இருக்கும்போது, நாடியையும் இரத்த அழுத்தத்தையும் மயக்கத்தின் ஆழத்தையும் கவனிக்கத் தனியாக ஒருவர் இருக்கிறாரா? மூன்றாவது, வலிக்கென்று தனி மருந்து கொடுக்கப்படுகிறதா? நான்காவது, தளர்ச்சி முழுவதும் நீங்கிவிட்டது என்பதை எப்படி உறுதி செய்வார்கள்? இதற்கென நரம்பை மெல்லத் தூண்டித் தசையின் துடிப்பை எண்ணிப் பார்க்கும் கருவி உண்டு. தளர்ச்சி எஞ்சியிருக்கும்போதே கருவியை நீக்கிவிட்டால், விழித்த பிராணி மூச்சுக்குத் திணறும். நல்ல மருத்துவர் இக்கேள்விகளால் வருந்தமாட்டார். தமது பணியை மதிப்பவர் என்று மகிழ்வார்.

வீட்டுக்கு வந்து குறைந்த செலவில் ஊசி போட்டு முடித்துத் தருகிறேன் என்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்பது நபிமொழியின் அடிப்படையில் அமைந்த சட்டம். தெரிந்தே அவரைத் தேடிச் சென்ற நமக்கும் அதில் பங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதேபோல், சிகிச்சைக்குப் பின் பூனை வலியில் சுருண்டு படுத்திருக்கிறதே என்று, நமது முதுகுவலிக்கு வாங்கி வைத்த தசை தளர்த்தும் மாத்திரையில் பாதியைப் பொடித்துக் கொடுத்துவிடக் கூடாது. அத்தகைய மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. அது பூனையின் உயிரையே குடிக்கக்கூடியது. பேக்லோஃபென் என்னும் தசை தளர்த்தி நாய்க்கு நஞ்சு.

"மனிதர்களே சிகிச்சைக்கு வழியின்றி வாடும்போது பூனைக்கு இவ்வளவா?" என்று கேட்கும் சகோதரர்களும் உண்டு. அவர்களின் கவலையை நாம் மதிக்கிறோம். சக்திக்கு மீறிச் செலவிடுங்கள் என்று மார்க்கம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. வசதியில்லாதவர் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, எளிய வழி உண்டா என்று கேட்கலாம். அரசு கால்நடை மருத்துவமனைகளை நாடலாம். ஆனால் வலியைத் தணிக்கும் மருந்தில் மிச்சம் பிடிக்கச் சொல்லி மருத்துவரை நெருக்குவது சிக்கனமன்று. ஹிஜ்ரி 660இல் மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் தமது 'கவாயிதுல் அஹ்காம்' நூலில், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிடுகிறார்கள். முதுமையாலோ நோயாலோ பயன் தராத நிலையை அடைந்த பிராணிக்கும் செலவு செய்ய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஒரு பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனை பெற்றதையும், தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் மொண்டு கொடுத்தவர் மன்னிப்புப் பெற்றதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அந்தப் பூனையின் பசியையும் நாயின் தாகத்தையும் பார்த்தவருக்குத் தெரிந்தது. அறுவை மேசையில் கிடக்கும் பிராணியின் வேதனையோ பார்ப்பவர் கண்ணுக்கும் தெரியாது. மறைவானவற்றை அறியும் இறைவனை நம்புகின்ற நமக்கு, மற்றவர்களைவிட அதிக அக்கறை இருக்க வேண்டிய இடம் அது.

அந்தப் பூனை, அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தது. அன்று மாலை கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், சூடான துணியில் சுற்றப்பட்டு, தானாக மூச்சுவிட்டுக்கொண்டு படுத்திருந்ததை மாணவருடன் நின்று பார்த்தோம். குறிப்பேட்டைக் கையில் வைத்திருந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர், அறுவை முடியும்வரை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நாடியையும் அழுத்தத்தையும் எழுதி வைத்திருந்ததை மாணவருக்குக் காட்டினார். நடுவில் ஓரிடத்தில் நாடி உயர்ந்திருந்தது. அதன் அருகிலேயே மயக்கத்தைக் கூட்டியதாகவும் வலி மருந்து கொடுத்ததாகவும் குறிப்பு இருந்தது. காலையில் எம்மிடம் கேட்ட கேள்விக்குரிய பதிலை அந்தப் பிள்ளை அந்த வரியில் விரல் வைத்துப் படித்தார்.

நம் பொறுப்பில் உள்ள எந்த உயிரின் வேதனையையும் அறியாமல் கடந்து போகாதிருக்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.